முள் இல்லாத கழுத்துப் படம்

உப்பளத்தில் ஸ்டேடியம் பக்கம் போகிற வழியில், ஒரு சைக்கிள் கடைக்கும் ஒரு பேக்கரிக்கும் நடுவில் அந்த எக்ஸ்ரே சென்டர் இருக்கிறது. பெரிய இடம் என்று சொல்ல முடியாது. முன்னால் சுவரோரம் ஒரு நீள பெஞ்சு, ஒரு மேசை, மேசைக்குப் பின்னால் சீட்டு எழுத ஜோவிதா. கதவுக்கு அந்தப் பக்கம் படம் எடுக்கிற அறை. அந்த அறைக்கு இருபத்தாறு வருஷமாகப் பெர்னதெத்துதான் எல்லாம். கை முறிந்தவர், கால் பிசகியவர், நெஞ்சுச் சளிக்காரர், வெளிநாடு போக மெடிக்கல் எடுக்கிறவர் என்று அந்த வட்டாரத்தில் அவள் முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்காத ஆள் குறைவு.

பெர்னதெத் யார் வீட்டுப் பெண் என்றால், லூயிஸ் சொல்தாவின் கடைசி மகள். சொல்தா என்றால் பிரெஞ்சுப் பட்டாளத்துச் சிப்பாய்; லூயிஸ் அதில் இருந்துவிட்டு வந்து, சாகிற வரைக்கும் பிரான்சுப் பென்ஷன் வாங்கியவர். பெரிய மகன் பிரான்சில் மர்செய் பக்கம் போய்விட்டான். நடு மகள் பாரிசில் ஒரு பள்ளிக்கூடத்துச் சமையலறையில் இருக்கிறாள். கடைசி மகள் மட்டும் போகவில்லை. "எல்லாரும் போயிட்டா கல்லறைத் திருநாளுக்கு அப்பாவுக்கு யாரு பூ வெப்பா?" என்று சொல்லிவிட்டு, அரியாங்குப்பத்து ஜோசப் ஆனந்தைக் கட்டிக்கொண்டாள். அவர் கரண்ட் ஆபீசில் லைன்மேன். மேசையில் உட்கார்ந்திருக்கிற ஜோவிதா வேறு யாரும் இல்லை, பெர்னதெத்தின் அம்மாவுக்குக் கூடப்பிறந்த தங்கையின் மகள். ஆனால் இரண்டு பேருக்கும் ஒரே இரத்தம் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். ஜோவிதா பேசாமல் இருந்தால் அவளுக்கு உடம்புக்கு என்னவோ என்று பயப்பட வேண்டும். பெர்னதெத் பேசினால் அப்படிப் பயப்பட வேண்டும்.

அதிலும் எடுத்த படத்தைப் பற்றி அவள் வாயிலிருந்து ஒரு சொல் வராது. எலும்பு இரண்டாகத் தொங்குகிறவன், "ஒடஞ்சிருக்காம்மா?" என்று கேட்டால்கூட, "சாயங்காலம் டாக்டர் வந்து பாத்து எழுதுவாரு" என்பாள். சக்கரபாணி டாக்டர் தினமும் ஐந்து மணிக்கு வந்து, அன்றைய படங்களை எல்லாம் வரிசையாகப் பார்த்து எழுதிக் கொடுப்பார். அதுவரைக்கும் அவளிடம் கெஞ்சினாலும் நடக்காது, கோபித்துக்கொண்டாலும் நடக்காது.

பிறவியிலேயே அவள் அப்படி இல்லை. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம் ஒரு காரியம் நடந்தது. அவளுடைய தாய்மாமன் மகள் அமலிக்குப் பாரிசு மாப்பிள்ளை நிச்சயமாகி, விசாவுக்காக நெஞ்சுப் படம் எடுக்க வந்தாள். எடுத்துப் பார்த்தால் வலது பக்கம் நெஞ்சின் மேல் கோடியில் வெள்ளையாக ஒரு திட்டு. பெர்னதெத் அதை டி.பி. என்றே நினைத்துவிட்டாள். வீட்டுக்குப் போய் அம்மாவிடம் மட்டும் சொன்னாள். அம்மா, அப்பாவின் அக்காளிடம் மட்டும் சொன்னாள்; அந்த வீட்டில் பிரெஞ்சு வழக்கப்படி அந்த அத்தையை எல்லோரும் தாந்த் என்றுதான் கூப்பிடுவார்கள். தாந்த்துக்குத் தெரிந்த பிறகு ஊருக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து படியிறங்குவதற்குள் அமலிக்கு டி.பி. என்று மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்விட்டது.

இரண்டு நாள் கழித்து சக்கரபாணி டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, "அந்தப் பொண்ணு தலைய நல்லா தூக்கிக் கட்டிட்டு இன்னொரு படம் எடுங்க" என்றார். எடுத்தால் நெஞ்சு பளிங்குபோல் இருந்தது. முதல் தடவை, ஈரத்தலையில் எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய சடையைத் தோள்மேல் முன்னால் போட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள் அமலி. அந்தச் சடைதான் படத்தில் திட்டாக விழுந்திருக்கிறது. கல்யாணம் நான்கு மாதம் தள்ளிப்போய், மாப்பிள்ளை வீட்டார் காலில் விழாத குறையாகப் பேசி, அப்புறம்தான் நடந்தது. அமலி இப்போது இரண்டு பிள்ளைகளோடு நன்றாக இருக்கிறாள். ஊருக்கு வரும்போதெல்லாம் சாக்லேட்டு கொண்டுவந்து கொடுத்து, "இந்தாடி, என் சடைக்கு வைத்தியம் பாத்தவளே" என்று சிரிப்பாள். பெர்னதெத்துக்கு மட்டும் அது சிரிப்பாக இல்லை. அன்றிலிருந்து படம் எடுக்க வருகிற ஒவ்வொரு பெண்ணின் கூந்தலையும் அவளே தூக்கிக் கட்டி கிளிப் போடுவாள். வாய்க்கும் ஒரு கிளிப் போட்டுக்கொண்டாள்.

போன மாசி மாதம் ஒரு புதன்கிழமை, காலை பத்து மணி இருக்கும். தவளக்குப்பம் பக்கத்திலிருந்து மூன்று பேர் ஒரு ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். நடுவில் வந்தவர் தணிகாசலம். ஐம்பத்து மூன்று வயது. கொஞ்சம் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை, கொஞ்சம் நெல் என்று சொந்த நிலம் உண்டு. பகலில் டவுனில் ஒரு விடுதியின் தோட்டத்துக்கு வேலைக்கு வருகிறவர். வலது பக்கம் அவர் மனைவி சின்னப்பொண்ணு. இடது பக்கம் அவருடைய அக்காள் அஞ்சலாட்சி. தணிகாசலத்தின் கையில் ஒரு எவர்சில்வர் டம்ளர். குனிந்து குனிந்து அதில் துப்பிக்கொண்டே வந்தார்.

"அண்ணே, வெத்தலய வெளிய போயி துப்பிட்டு வாங்க. இங்க வேணாம்" என்றாள் ஜோவிதா.

"வெத்தல இல்லம்மா. எச்சிலு" என்றாள் சின்னப்பொண்ணு. "முழுங்க முடியல. நேத்திலேர்ந்து துப்பிக்கினே இருக்காரு. தொண்டையில முள்ளு மாட்டிக்கிச்சி."

"மாட்டாம என்னா பண்ணும்?" என்றாள் அஞ்சலாட்சி. "கடலையே பாக்காத ஊர்ல பொண்ணெடுத்தா முள்ளும் சேந்துதான் தொண்டையில எறங்கும். இருவத்தெட்டு வருசம் ஆவுது, இன்னும் ஒரு சங்கரா மீனு ஆயத் தெரியல."

"அண்ணி, ஆஞ்சது நானு. தின்னது நாலு பேரு. மத்தவங்க தொண்டையில மாட்டலியே?"

"மத்தவங்க பாத்து தின்னாங்க."

"அப்ப உங்க தம்பி பாக்காம தின்னாரு. அத சொல்லுங்க."

ஜோவிதாவுக்கு இது காலைப் பலகாரம் மாதிரி. கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டு வாங்கினாள். திங்கட்கிழமை ராத்திரி மீன் குழம்பு. செவ்வாய்க்கிழமை விடிந்தால் தொண்டையில் குத்து. முள்தான் என்று வெறும் சோற்றை உருண்டை பிடித்து விழுங்கச் சொன்னார்கள். வாழைப்பழத்தை மெல்லாமல் விழுங்கச் சொன்னார்கள். அரை உருண்டையோடு அவரால் முடியவில்லை. சாயங்காலம் தவளக்குப்பத்து டாக்டரிடம் போய் முள் மாட்டிக்கொண்டது என்று சொல்ல, அவர் கழுத்தைப் பக்கவாட்டில் படம் எடுக்கச் சீட்டு எழுதி, "இப்பவே டவுனுக்குப் போங்க" என்று சொல்லியிருக்கிறார். இவர்கள் காலையில் போய்க்கொள்ளலாம் என்று வீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் காய்ச்சல் வந்திருக்கிறது. விடியற்காலையில் அஞ்சலாட்சி வந்து, இது முள் மட்டும் இல்லை, உள்நாக்கும் விழுந்திருக்கிறது என்று வேறு சொல்லியிருக்கிறாள்.

அஞ்சலாட்சிக்கு அந்தப் பக்கத்தில் அதற்கென்று ஒரு பெயர் உண்டு. தொண்டை வலி, விடாத இருமல் என்றால் பிள்ளைகளை அவளிடம்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். உப்பும் மிளகும் இடித்த தூளை ஆள்காட்டி விரலில் தொட்டு, வாய்க்குள் விட்டு, தொங்குகிற உள்நாக்கை மேலே ஒரு அமுக்கு அமுக்குவாள். உச்சிமயிரைப் பிடித்து ஒரு இழுப்பு. அவ்வளவுதான். அதற்காக யாரிடமும் ஒரு வெற்றிலைகூட வாங்கியதில்லை. அந்தத் தூள் இருக்கிற தைல டப்பா எப்போதும் அவள் மடியில் இருக்கும்.

"நீ செத்த படு தம்பி. உள்ள கூப்புட நேரமாவும்" என்று அவள் தம்பியைப் பெஞ்சில் சாய்த்தாள். தலை பலகையில் பட்டதோ இல்லையோ, தணிகாசலம் உதைத்துக்கொண்டு எழுந்தார். கண் இரண்டும் வெளியே வந்துவிடும்போல இருந்தது. மூச்சை இழுக்கும்போது தொண்டைக்குள் ஒரு சத்தம், நெல் வண்டிச் சக்கரம் கிறீச்சிடுகிற மாதிரி. இரண்டு கையையும் முட்டியில் ஊன்றி, மோவாயை முன்னால் நீட்டி, வாயைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்த பிறகுதான் சத்தம் அடங்கியது.

அந்தச் சத்தம் கதவைத் தாண்டி பெர்னதெத்துக்குக் கேட்டது. வெளியே வந்து பார்த்தாள்.

"பேரு என்னங்க?"

"தழிகாழம்" என்கிற மாதிரி ஏதோ வந்தது. வாய் நிறையச் சூட்டோடு களியை வைத்துக்கொண்டு பேசுகிறவர் குரல். முள் குத்தியவர்கள் எத்தனையோ பேரை அவள் பார்த்திருக்கிறாள். தொண்டையைத் தொட்டுத் தொட்டுக் காட்டுவார்கள், காறுவார்கள், பெண்டாட்டியைத் திட்டுவார்கள். குரல் இப்படிப் போகாது. காய்ச்சலும் வராது. அதை எல்லாம் அவள் சொல்லவில்லை. பெஞ்சில் பல் வலிக்குப் படம் எடுக்க முன்னால் வந்து உட்கார்ந்திருந்தவரிடம், "அண்ணே, இவரு மொதல்ல வரட்டும்" என்றாள். அவ்வளவுதான்.

உள்ளே அவரைப் படுக்க வைக்கவில்லை, நிற்கவும் வைக்கவில்லை. ஒரு முக்காலியைப் படம் பதிகிற தட்டுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார வைத்தாள். கூட ஆள் இருந்தால் தைரியமாக இருக்கும் என்று சின்னப்பொண்ணுக்கு ஈயக் கவசத்தை மாட்டி நிறுத்தினாள்.

"அம்மாடி, என்னா கனம்! இத மாட்டிக்கினு எப்பிடி வேல செய்யிறீங்க டாக்டரம்மா?"

"நான் டாக்டர் இல்லம்மா. படம் எடுக்கிறவ. அந்த டம்ளர வாங்கிக்குங்க. ஐயா, தோளத் தளத்தி வுடுங்க. மோவாய இப்பிடியே வெச்சிக்குங்க, மாத்த வேணாம். மூக்கால மெதுவா இழுங்க... அசையாதீங்க."

கழுத்து எலும்புக்கு வைக்கிற பவரை அவள் வைக்கவில்லை. அதை வைத்தால் எலும்பு நன்றாகத் தெரியும், சதை கரைந்துபோகும். முள்ளைத் தேடுவதானாலும் வேறு எதைத் தேடுவதானாலும் சதை தெரிய வேண்டும். பவரைக் குறைத்து எடுத்தாள். "முடிஞ்சிது. வெளிய உக்காருங்க. உக்காரணும், சாய வேணாம்" என்று இரண்டு பேரையும் அனுப்பிவிட்டு, கம்ப்யூட்டரில் படம் வருவதைப் பார்த்தாள்.

கழுத்தெலும்பு ஏழும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வைத்த மாதிரி இருந்தன. அதற்கு முன்னால் மூச்சுப் போகிற வழி கறுப்பாகத் தெரிந்தது. முள் எங்கேயும் இல்லை. ஆனால் நாக்கின் அடிவேருக்குக் கீழே, மூச்சுக்குழாயின் வாசலில், ஒரு மூடி உண்டு. பக்கவாட்டில் பார்த்தால் வேப்பிலை ஓரம்போல் மெல்லிசாகத் தெரிய வேண்டிய மூடி. அது இந்தப் படத்தில் ஒரு கட்டைவிரலாக நின்றது. பருத்து, உருண்டு, நுனி மழுங்கி, யாரோ உள்ளேயிருந்து கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிற மாதிரி. அதற்குப் பின்னால் காற்று போக ஒரு நூல் அளவுதான் கறுப்பு மிச்சம் இருந்தது.

இந்த மாதிரி ஒரு படத்தை அவள் ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறாள். வேலை பழகிய காலத்தில், பெரிய ஆஸ்பத்திரியில், நாலு வயசுக் குழந்தையின் கழுத்துப் படம். ஒரு டாக்டர் அதை வெளிச்சத்தில் மாட்டி, பக்கத்தில் தன் கட்டைவிரலை நீட்டிக் காட்டிவிட்டு, மறுபேச்சுப் பேசாமல் குழந்தையைத் தாயோடு சேர்த்து ஆப்பரேஷன் அறைக்கு அனுப்பினார். இப்போது பிள்ளைகளுக்குச் சின்ன வயசிலேயே ஊசி போட்டுவிடுவதால் அது அநேகமாக வருவதில்லை. வந்தால் இப்படிப் பெரியவர்களுக்கு வருகிறது.

"முள் இல்ல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கூடவே அந்தப் பழைய பயமும் வந்தது. இதுவும் எதாவது சடையாக இருந்தால்? ஓடிப்போய்க் கதவிடுக்கில் எட்டிப் பார்த்தாள். கழுத்தில் கயிறு இல்லை, தாயத்து இல்லை, சட்டைக் காலரை அவளேதான் மடக்கிவிட்டிருந்தாள். சடைக்கோ வழியே இல்லை, மனுஷன் சுத்த வழுக்கை. திரும்பி வந்து சக்கரபாணி டாக்டருக்குப் போன் போட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. படத்தைப் போனில் பிடித்து அவருக்கு அனுப்பினாள். மறுபடி போட்டாள். எடுக்கவில்லை.

இதற்குள் அவள் முணுமுணுத்தது, அடுத்தவரின் சீட்டைக் கொடுக்கக் கதவருகில் வந்த ஜோவிதாவின் காதில் விழுந்துவிட்டது. நல்ல சேதியை வைத்துக்கொண்டு சும்மா இருக்க அவளால் ஆகுமா?

"சின்னப்பொண்ணக்கா, முள்ளெல்லாம் ஒண்ணும் இல்லியாம்! நீங்க ஆஞ்ச மீனு சுத்தம்!"

சின்னப்பொண்ணு எழுந்தே நின்றுவிட்டாள். "கேட்டீங்களா அண்ணி? மிஷினே சொல்லிடிச்சி. இருவத்தெட்டு வருசமா எந்த மூஞ்சிய வெச்சிக்கினு..."

"இருடீ, இரு" என்றாள் அஞ்சலாட்சி. அவளுக்குத் தோற்ற மாதிரியே இல்லை. "நான்தான் காலையிலியே சொன்னனே. முள்ளு இல்லன்னா என்னா? உள்நாக்கு. நாந்தான் அப்பவே எடுக்கிறன்னேன், உன் ஊட்டுக்காரன் ஒத்துக்கல, படம் எடுக்கணுமின்னான். எடுத்தாச்சில்ல? ஆ காட்டு தம்பி." மடியிலிருந்து டப்பா வெளியே வந்தது. விரல் தூளில் தோய்ந்தது. தணிகாசலம் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். சொல்லத்தான் குரல் இல்லை. "சின்னப்புள்ளயா நீ? ஒரு நிமிசம். அவன் தலய புடி பொண்ணு."

முள் இல்லை என்பது பொய் இல்லை. அந்த ஒரு பாதி உண்மை போதும் அந்த மனுஷனை அந்தப் பெஞ்சிலேயே முடிக்க. பெர்னதெத் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து அஞ்சலாட்சியின் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்த பிடியில் டப்பா தரையில் விழுந்து மிளகுத்தூள் பறந்தது.

"வெரல வாயில வுடாதீங்க!"

இருபத்தாறு வருஷத்தில் அந்தச் சென்டரில் அப்படி ஒரு குரலை யாரும் கேட்டதில்லை. பல் வலிக்காரர் எழுந்து நின்றுவிட்டார். ஜோவிதா ஒரு தும்மல் போட்டாள்.

"கைய வுடும்மா. நாப்பது வருசமா எத்தினி புள்ளைங்களுக்கு எடுத்துருக்கேன் தெரியுமா?" என்றாள் அஞ்சலாட்சி.

"தெரியாதும்மா. உள்நாக்குன்னா எங்க தெருப் புள்ளைங்கள நானே உங்ககிட்ட கூட்டிக்கினு வரேன். இது உள்நாக்கு இல்ல." என்றாள் பெர்னதெத். "நான் டாக்டர் இல்ல. இத நான் சொல்லக் கூடாது. சொல்றேன், கேளுங்க. மூச்சுக்கொழாய்க்கு மேல ஒரு மூடி இருக்குது. சோறு முழுங்கறப்ப மூடிக்கும், அப்பறம் தெறந்துக்கும். அது வீங்கி என் கட்டவெரலு தண்டிக்கு நிக்குது. மூச்சு போவ நூலளவு வழிதான் இருக்குது. நீங்க வெரல வுட்டா, அவரு ஒமட்டுவாரு, அதுவும் அடச்சிக்கும். அவர படுக்க வெச்சா அது பின்னால சாயும். அதான் அப்ப அப்பிடி எழுந்தாரு."

அஞ்சலாட்சி கையை இழுத்துக்கொள்ளவில்லை. தூள் ஒட்டிய தன் விரலையே பார்த்தாள். இவ்வளவு நேரமும் சொல்ல முடியாததை யாரோ தனக்காகச் சொல்லிவிட்ட மாதிரி, தணிகாசலம் பெர்னதெத்தைப் பார்த்து மேலும் கீழும் தலையை ஆட்டினார்.

"இப்ப என்னா பண்றது?" என்றாள் சின்னப்பொண்ணு. மீனும் முள்ளும் அவள் முகத்திலிருந்து போயே போய்விட்டன.

"பெரிய ஆஸ்பத்திரிக்குப் போறோம். ஜோவிதா, 108க்குப் போடு. மூச்சு முட்டுதுன்னு சொல்லு. வேற கத எதுவும் சொல்லாத."

ஆம்புலன்ஸ் வருகிற வரைக்கும் அவரை யாரும் தொடவில்லை, தண்ணீர் கொடுக்கவில்லை, பேசச் சொல்லவில்லை. பெர்னதெத் முன்னால் குந்தி உட்கார்ந்து, "மூக்கால... மெதுவா... அப்பிடித்தான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். வண்டி வந்ததும் ஸ்ட்ரெச்சரை இறக்கப் போனவரிடம், "படுக்க வேணாங்க. உக்காந்துதான் வருவாரு" என்று படத்தைக் காட்டினாள். அவர் நல்ல மனுஷன். தலைமாட்டுப் பலகையை நேராகத் தூக்கி நிறுத்தி, ஆக்சிஜன் மாஸ்க்கை முகத்தில் ஒட்டாமல் பக்கத்தில் பிடித்துக்கொண்டார். இரண்டு பெண்களோடு பெர்னதெத்தும் ஏறிக்கொண்டாள்.

"அக்கா, சென்டரு?" என்றாள் ஜோவிதா.

"பூட்ட வேணாம். வர்றவங்கள உக்கார வெச்சிப் பேசிக்கினு இரு."

"அது போதும்க்கா, நீ போ."

வண்டி மரப்பாலம் சிக்னலைத் தாண்டும்போது போன் அடித்தது. சக்கரபாணி டாக்டர்.

"பெர்னதெத், இப்பத்தாம்மா பாத்தேன். அந்த ஆளு எங்க?"

"என் எதுருல சார். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிக்கினு இருக்கோம்."

"உக்காந்திருக்காரா?"

"உக்காந்துதான் இருக்காரு. வாய்க்குள்ள யாரையும் பாக்க வுடல."

அந்தப் பக்கம் டாக்டர் மூச்சு விட்டது கேட்டது. "நீ நெனச்சதுதான். அந்த மூடி வீக்கம்தான். நான் அங்க போன் பண்ணி சொல்லிடறேன். வாசல்ல நிக்காதீங்க, நேரா உள்ள போங்க."

பெர்னதெத் போனை மடியில் போட்டாள். "தப்பா சொல்லிட்டேனோன்னு இவ்ளோ நேரமும் பயந்துக்கினே வந்தேன்" என்றாள் மெதுவாக. சின்னப்பொண்ணு அதைக் கேட்டுவிட்டு, புருஷன் டம்ளரை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையால் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் காத்திருந்தார்கள். காது மூக்கு தொண்டை டாக்டர் ஒரு அம்மா, மயக்க மருந்து டாக்டர் ஒருவர். தள்ளு நாற்காலியில் உட்கார வைத்தபடியே அவரை உள்ளே கொண்டுபோனார்கள். கதவு மூடியது. வெளியே மூன்று பெண்களும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பெர்னதெத் தன் ஜெபமாலையை எடுத்தாள். சின்னப்பொண்ணு அங்காளம்மனைக் கூப்பிட்டாள். அஞ்சலாட்சி யாரையும் கூப்பிடவில்லை. முந்தானையால் அந்த ஆள்காட்டி விரலைத் துடைத்தாள், துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"அவன் பொறந்தப்ப எனக்கு ஒம்போது வயசு" என்றாள் கடைசியில். "எங்கம்மா களையெடுக்கப் போயிடும். இடுப்புல தூக்கினு திரிஞ்சி வளத்தவ நானு. இன்னிக்கி நானே..."

"நீங்க நல்லதுக்குத்தான் செய்யப் போனீங்க" என்றாள் பெர்னதெத்.

"நல்லதுக்குத்தான். நீ மட்டும் கைய புடிக்கலன்னா அந்த நல்லது எங்க போயி நிக்கும்?"

சின்னப்பொண்ணு நாத்தனாரைப் பார்த்தாள். இருபத்தெட்டு வருஷத்துக் கணக்கில் ஒரு வார்த்தை திருப்பிக் கொடுக்க அதைவிட நல்ல சமயம் வராது. அவள் கொடுக்கவில்லை. கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து, "சாஞ்சிக்குங்க அண்ணி" என்று தோளைக் காட்டினாள்.

ஒரு மணி நேரம் கழித்து அந்த டாக்டரம்மா வெளியே வந்தார். மூக்கு வழியாக மெல்லிய காமிரா விட்டுப் பார்த்ததாகவும், அந்த மூடி கோவைப்பழம்போல் சிவந்து வீங்கியிருந்ததாகவும், பக்குவமாக மயக்கம் கொடுத்து மூச்சுக்கு ஒரு குழாய் வைத்துவிட்டதாகவும் சொன்னார். இனி பயமில்லை, கிருமிக்கும் வீக்கத்துக்கும் ஊசி போகிறது, இரண்டு மூன்று நாளில் வீக்கம் வடிந்ததும் குழாயை எடுத்துவிடலாம் என்றார். "படம் எடுத்தது யாரு?" என்று கேட்டார். சின்னப்பொண்ணு பெர்னதெத்தை முழங்கையால் முன்னால் தள்ளினாள். "உக்கார வெச்சே எடுத்தீங்களா? நல்லா எடுத்தீங்க" என்று சொல்லிவிட்டு அந்தம்மா உள்ளே போய்விட்டார். அது போதும். பெர்னதெத் பஸ் பிடித்து உப்பளம் திரும்பும்போது, வருகிற வழியெல்லாம் அந்தக் கடைசி இரண்டு சொல்லையும் மனசுக்குள் புரட்டிக்கொண்டு வந்தாள். சென்டரில் ஏழு பேர் காத்திருந்தார்கள். ஒருவர் முகத்திலும் சலிப்பு இல்லை. ஜோவிதா அதற்குள் கதையை நான்காவது தடவை சொல்லிக்கொண்டிருந்தாள். அதில் மிளகுத்தூள் ஒரு படி அளவுக்குப் போயிருந்தது.

சாயங்காலம் சக்கரபாணி டாக்டர் வந்து, மற்றப் படங்களை எல்லாம் எழுதி முடித்துவிட்டு, அந்தக் கழுத்துப் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூச்சு சம்பந்தமா எதாவது பாத்தா எனக்காகக் காத்திருக்காதம்மா. சொல்லிடு. தப்பா இருந்தா என்னைத் திட்டச் சொல்லு" என்றார்.

"அப்ப எலும்பு?"

"எலும்பு அஞ்சு மணி வரைக்கும் காத்திருக்கும்."

"சரி சார்" என்றாள் பெர்னதெத். அன்றைக்கு அவள் பேசியது ஒரு வருஷத்துக்குப் போதும் என்று வீட்டில் ஜோசப் ஆனந்த் சொன்னார். ஆனாலும் சாப்பிட உட்கார்ந்தபோது அவரே முழுக்கதையையும் இரண்டு முறை கேட்டு வாங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் இரண்டு பேரும் ஸ்கூட்டரில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஜோசப் ஆனந்த் வாசலில் நிழலாகப் பார்த்து வண்டியை நிறுத்திக்கொண்டார். பெர்னதெத் மட்டும் மாடியேறினாள். வார்டு வாசலிலேயே சின்னப்பொண்ணு பார்த்துவிட்டு, வாயில் விரலை வைத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"முந்தாநேத்து கொழாய எடுத்துட்டாங்க. நேத்து கஞ்சி குடிச்சாரு. இப்பத்தான் கண்ண மூடினாரு. வாங்க, வாங்க."

தணிகாசலம் மல்லாந்து படுத்திருந்தார். தலைக்கு ஒரு தலையணை, அதுவும் நழுவிப் பக்கத்தில் கிடந்தது. கை இரண்டும் அகலமாகக் கிடந்தன. வாய் மூடியிருந்தது. குறட்டை மட்டும் வார்டின் அந்தக் கோடி வரைக்கும் போய்க்கொண்டிருந்தது. கால்மாட்டில் அஞ்சலாட்சி விசிறியோடு உட்கார்ந்திருந்தாள். பெர்னதெத்தைக் கண்டதும் எழுந்து அவள் இரண்டு கன்னத்தையும் வழித்துத் திருஷ்டி முறித்தாள்.

"பக்கத்து பெட்டுக்காரரு கோச்சிக்கிறாரு" என்றாள் சின்னப்பொண்ணு, மெதுவாக, பெருமையோடு. "மூணு நாளு ஐ.சி.யு.வுல இருந்துட்டு வந்துருக்காரு, கொறட்ட விட்டா என்னாய்யான்னு நான் கேட்டுட்டேன். எழுப்பட்டுமா? உங்கள பாக்கணும் பாக்கணும்னு சொல்லிக்கினே இருந்தாரு."

"எழுப்பாதீங்க."

பெர்னதெத் கட்டில் பக்கத்தில் போய்க் கொஞ்ச நேரம் நின்று கேட்டாள். அவளுக்குச் சத்தம் பிரித்துக் கேட்கத் தெரியும். உள்ளே இழுக்கிறபோது தடையில்லை, வெளியே விடுகிறபோது தடையில்லை. நடுவில் அந்தக் கிறீச்சு இல்லை. இது மூக்குக் குறட்டை, தொண்டையில் ஒன்றும் இல்லை. நல்ல, அகலமான, சோம்பேறிக் குறட்டை. கொண்டுவந்த ஆரஞ்சுப் பழங்களைச் சின்னப்பொண்ணு கையில் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கினாள்.

"பாத்தியா? என்ன சொன்னாரு?" என்று கேட்டார் ஜோசப் ஆனந்த்.

"ஒண்ணும் சொல்லல" என்று பெர்னதெத் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். "மல்லாந்து படுத்துத் தூங்குறாரு. வண்டிய எடுங்க."